கியோட்டோவுக்கு மாணவர்களை அழைத்துப் போகும் ஓவிய ஆசிரியைக்கு

நவம்பர் நடுவில் எட்டு நாள், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர், கியோட்டோவும் நாராவும். கலை வழியாகவும் இயற்கை வழியாகவும் ஜப்பானியப் பண்பாட்டை அவர்கள் அறிய வேண்டும், பயண முகவர் தந்த பட்டியலிலோ பதினேழு கோயில்கள் இருக்கின்றன, எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "ஓரிகாமி, கிமோனோ போட்டோ, தேநீர்ச் சடங்கு, இதைத் தாண்டி ஏதாவது உண்டா?" உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். இந்த வயதுப் பிள்ளைகள் எட்டு நாளில் எதையாவது உருப்படியாகக் கற்றுக்கொள்ள முடியுமா, முடியுமென்றால் எதைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்? கோயில் பட்டியல் அதற்கு அப்புறம்தான்.

முடியும். நான் கியோட்டோவில் மரக்கட்டை அச்சு பயின்றவன். பிறகு பல வருடங்கள் அங்கேயே இருந்து, வெளிநாட்டு மாணவர் குழுக்களோடு சேர்ந்து வேலை செய்திருக்கிறேன். காகிதம், மை, நிறம், மரம் இவை பற்றி நான் சொல்வதை நம்பலாம். தேநீர்க் கலையில் எனக்குப் பயிற்சி கிடையாது, ஜென் தத்துவம் நான் கற்றதில்லை. அந்த இரண்டையும் பற்றி நான் ஏதாவது சொன்னால் பக்கத்தில் நின்று பார்த்தவன் சொல்வதாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

என் யோசனை ஒன்றுதான்: பொருளைப் பிடித்துக்கொண்டு போங்கள். ஓவியத்தைக் காட்டி "இதில் இயற்கை எப்படி வந்திருக்கிறது" என்று கேட்டால் பிள்ளைகள் மலை, பூ, பறவை என்று சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார்கள். அதே ஓவியத்தின் கறுப்பு எதை எரித்து வந்தது, வெள்ளை எந்தச் சிப்பியிலிருந்து வந்தது, காகிதத்தை ஏன் குளிர்காலத்தில் செய்கிறார்கள் என்று கேட்டால் பேச்சு நிற்கவே நிற்காது. அங்கே கலையும் இயற்கையும் தொட்டுக்கொள்ளும் இடம் பெரும்பாலும் பட்டறை. கோயில் அதற்கு அடுத்தபடிதான்.

மையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நீங்கள் போகும் மாதம் அதற்கு ஏற்ற மாதம். ஜப்பானில் செய்யப்படும் சுமி மையில் மிகப் பெரும் பகுதி நாராவில் செய்யப்படுகிறது. எண்ணெய் விளக்குகளைத் திரி போட்டு எரித்து, மேலே கவிழ்த்த மண்மூடியில் படியும் புகைக்கரியைச் சேகரிப்பார்கள். அதை விலங்குத் தோலிலிருந்து எடுத்த பசையோடு, நம் தச்சர்கள் வச்சிரம் என்று சொல்வார்களே, அதன் வகைப் பசையோடு பிசைந்து, மர அச்சில் அழுத்தி, சாம்பலில் புதைத்து மெதுவாக ஈரம் இழுக்கவிடுவார்கள். வெயில் காலத்தில் பசை கெட்டுவிடும். அதனால் இலையுதிர் காலத்தின் பின்பகுதியில் தொடங்கி வசந்தம் வரைதான் வேலை நடக்கும். நாராவின் சில மைக்கூடங்களில் இந்தப் பருவத்தில் பார்வையாளர்கள் கையிலேயே சூடான மைக்களியைக் கொடுப்பார்கள். ஒருமுறை இறுக்கிப் பிடித்தால் விரல் ரேகையோடு ஒரு கட்டி கிடைக்கும். அதை ஒரு பெட்டியில் வைத்துக் கொடுப்பார்கள், பல வாரங்கள் பொறுத்துக் காய்ந்த பிறகுதான் உரைத்து எழுதலாம். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் என்னிடம் இல்லை. முன்பதிவு கட்டாயம், பன்னிரண்டு பேர் என்றால் இரண்டாகப் பிரிக்கச் சொல்வார்கள்.

காகிதமும் அப்படித்தான். வாஷி எனப்படும் கைக்காகிதத்துக்கு முக்கியமான நார் கோசோ என்னும் செடியிலிருந்து வருகிறது, மல்பெரி குடும்பத்துச் செடி அது. இலை உதிர்ந்த பிறகு கிளைகளை வெட்டி, ஆவியில் வேகவைத்து, பட்டையை உரித்து, மறுபடி காரத்தில் வேகவைத்து, தூசி தும்பு பொறுக்கி, அடித்து நாராக்குவார்கள். தண்ணீரில் நார் சீராக மிதக்க வேண்டுமே, அதற்குத் தொரொரோ-ஆவோய் என்னும் செடியின் வேரிலிருந்து பிசுபிசுப்பான சாறு எடுத்துச் சேர்ப்பார்கள். அந்தச் செடி வெண்டைக்கு நெருங்கிய உறவு. வெண்டைக்காய் நறுக்கிய விரல் எப்படி இருக்கும் என்று தெரிந்த நம் பிள்ளைகளுக்கு அதை விளக்க வேண்டிய அவசியமே இருக்காது. தண்ணீர் சூடானால் அந்தப் பிசுபிசுப்பு நீர்த்துப்போகும். உறையும் குளிரில் கையை விட்டுச் செய்த காகிதம் சிறந்தது என்று கைவினைஞர்கள் சொல்வதில் வெறும் பெருமை மட்டும் இல்லை, இந்தக் காரணமும் இருக்கிறது. 2014இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்த செகிஷு, மினோ, ஹோசோகாவா ஆகிய மூன்று காகித மரபுகளும் கோசோவை மட்டுமே கொண்டவை. அந்த ஊர்கள் உங்கள் வழியில் இல்லை, கவலைப்பட வேண்டாம். கியோட்டோவிலேயே காகிதக் கடைகளும் அரை நாள் பயிற்சியும் கிடைக்கும்.

என் சொந்தத் துறையைப் பற்றி ஒரு பத்தி பேசாமல் இருக்க முடியவில்லை. ஹொகுசாய், ஹிரோஷிகே என்று நாம் ஓவியர் பெயரை மட்டும் சொல்கிறோம். ஓர் அச்சுப்படம் நான்கு பேரின் வேலை: வரைபவர், செதுக்குபவர், அச்சிடுபவர், பணம் போட்டு எல்லோரையும் கூட்டிச் சேர்க்கும் பதிப்பாளர். பலகை மலைச் சகுரா, அதாவது காட்டுச் செர்ரி மரம், ஏனென்றால் அது இறுக்கமான, நுண்ணிய இழை கொண்ட மரம், தலைமுடி அளவுக் கோட்டையும் உடையாமல் தாங்கும். சகுராவைப் பூவாக மட்டும் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். ஹொகுசாயின் பேரலை படத்தை அவர்கள் டி-ஷர்ட்டிலும் போன் உறையிலும் பார்த்திருப்பார்கள். ஃபுஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள் என்ற வரிசையில் வந்தது அது, 1830ஐ ஒட்டிய ஆண்டுகளில். வரவேற்பு மிகுந்ததால் பத்துப் படங்கள் கூடி, வரிசையில் மொத்தம் 46 ஆயிற்று. அந்த அலையின் ஆழ்ந்த நீலம் ஜப்பானிய நிறமே அல்ல. ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் கண்டுபிடிக்கப்பட்ட செயற்கை நிறமி அது, கப்பலில் வந்து இறங்கியது. உலகமே 'ஜப்பானியம்' என்று அடையாளம் காணும் படத்துக்கு உயிர் கொடுப்பது ஓர் இறக்குமதிச் சரக்கு. இதை ஏதோ குறை போல நான் சொல்லவில்லை. எந்தப் பண்பாடும் மூடிய பெட்டி அல்ல என்பதை வகுப்பில் பக்கம் பக்கமாகச் சொல்வதைவிட இந்த ஒரு நிறம் நன்றாகச் சொல்லிவிடும்.

மரக்கட்டை அச்சுப் பயிற்சிக்குப் போனால் பல நிறப் படம் வேண்டாம், ஒரே பலகை, ஒரே நிறம் என்று முன்கூட்டியே கேளுங்கள். மூங்கில் உறையால் போர்த்திய பாரென் என்னும் தேய்ப்பானைச் சரியான அழுத்தத்தில் சுழற்றுவதற்கே ஒரு மணி நேரம் போய்விடும். அந்த ஒரு மணி நேரம் வீணல்ல.

இனி ஓவியம். பதினேழு கோயில்களில் பதின்மூன்றை அடித்துவிட்டு, பட்டியலில் இல்லாத ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறேன்: சிஷாகுயின். கியோட்டோ தேசிய அருங்காட்சியகத்திலிருந்து நடந்தே போய்விடலாம். அங்கே ஹசேகாவா தோஹாகு வரைந்த மேப்பிள் மரமும் அவர் மகன் கியூஸோ வரைந்த சகுரா மரமும் இருக்கின்றன, இரண்டும் தங்கத்தகடு ஒட்டிய பின்புலத்தில், சுவர் அளவுக்குப் பெரியவை. 1591இல் ஆட்சியாளர் ஹிதேயோஷியின் குழந்தை மகன் இறந்துபோனான். அவன் நினைவாக எழுப்பிய கோயிலுக்காக வரையப்பட்டவை இவை. 1593இல் கியூஸோவும் இருபத்தைந்தைத் தாண்டிய வயதில் இறந்துபோனார். மகனை இழந்த ஒருவருக்காக வரைந்த தகப்பன், தானும் மகனை இழந்தார். இந்த விவரத்தை உள்ளே போகும் முன் சொல்லாதீர்கள். முதலில் பிள்ளைகளை அப்படியே உட்கார வையுங்கள், இருபது நிமிடம் பார்க்கட்டும். மேப்பிளின் அடிமரம் எவ்வளவு பருமன், கீழே எத்தனை வகைப் பூச்செடிகள், பூக்களின் வெள்ளை நிறம் ஏன் லேசாகப் புடைத்து நிற்கிறது என்று அவர்களாகவே கேட்பார்கள். அந்த வெள்ளை சிப்பி ஓட்டுப் பொடி. பல வருடம் வெயில் மழையில் கிடந்து மக்கிய ஓடுகளை அரைத்து எடுப்பது. வெளியே வந்த பிறகு கதையைச் சொல்லுங்கள்.

அதோடு இன்னொரு படத்தின் அச்சுப் பிரதியையும் கையில் வைத்திருங்கள். அதே தோஹாகு, மையும் தண்ணீரும் மட்டும் வைத்து, பனிமூட்டத்தில் மறைந்தும் தெரிந்தும் நிற்கும் பைன் மரங்களை வரைந்தார். அது டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரே மனிதரின் கை: ஒன்றில் தங்கம் ஜொலிக்கிறது, மற்றொன்றில் காகிதத்தின் பெரும்பகுதி வெறுமையாக இருக்கிறது. மகனின் சாவுக்குப் பிறகுதான் அந்தப் பைன் மரங்களை வரைந்தார் என்று உருக்கமாகச் சொல்பவர்கள் உண்டு. அதற்கு நேரடிச் சான்று கிடையாது, அது நெஞ்சைத் தொடும் ஊகம். உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு: ஜப்பானிய அழகு என்றாலே எளிமை, அடக்கம், மங்கல் என்று நாம் படித்துவிட்டுப் போகும் வரையறை இந்த ஒரே மனிதரிடமே பொருந்தவில்லை. 'வாபி-சாபி' என்ற இரண்டு சொற்களில் ஒரு நாட்டின் ஆயிரத்து முந்நூறு வருடக் கலையை அடைத்துக் கொடுக்கும் காணொளிகளைப் பயணத்துக்கு முன் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தேநீர் அறையைப் பார்க்கும்போது அந்தச் சொற்கள் உதவும். தங்கச் சுவரின் முன் அவை கண்ணை மறைக்கும்.

நிஷிகி சந்தையை முகவரின் பட்டியல் 'தின்பண்டம்' என்ற தலைப்பில் வைத்திருக்கிறது. அதை ஓவிய வகுப்புக்கு மாற்றுங்கள். இத்தோ ஜாகுச்சூ 1716இல் பிறந்தது அந்தச் சந்தையில்தான், காய்கறி மொத்த வியாபாரக் குடும்பத்தில். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு முழு நேரமும் வரையப் போனார். முற்றத்தில் கோழிகளை வளர்த்து, அவற்றை நாள்தோறும் கவனித்து வரைந்தார். பறவை, மீன், பூச்சி, செடி என்று உயிர்களை வரைந்த முப்பது பட்டுத் தொங்கல்கள் அவருடைய பெரிய சாதனை, அவை இப்போது டோக்கியோவில் இருக்கின்றன. உங்கள் பிள்ளைகளுக்கு நான் காட்ட விரும்புவது கியோட்டோ தேசிய அருங்காட்சியகத்திடம் உள்ள ஒரு மைச் சித்திரம்: புத்தரின் பரிநிர்வாணக் காட்சி, ஆனால் நடுவில் கூடையின் மேல் படுத்திருப்பது ஒரு பெரிய வெள்ளை முள்ளங்கி, சுற்றி நின்று துக்கம் காப்பவை கத்தரி, பூசணி, கிழங்கு, காளான். வேடிக்கையாகத் தோன்றும். பக்தியோடும் வரைந்திருக்கிறார் என்று எனக்குப் படுகிறது, அறிஞர்கள் பலரும் அப்படித்தான் படிக்கிறார்கள். அசலை எப்போதும் காட்சிக்கு வைத்திருக்க மாட்டார்கள். காகிதமும் பட்டும் வெளிச்சத்தில் நிறம் இழக்கும் என்பதால் வருடத்தில் சில வாரங்கள் மட்டுமே வெளியே எடுப்பார்கள். அதனால் பிரதியைப் பார்த்துவிட்டுச் சந்தைக்குப் போங்கள். ஆளுக்கு ஒரு காய், ஒரு மணி நேரம், பென்சில். கடைக்காரரின் வழியை மறிக்காமல், வாங்கிக்கொண்டு வந்து வெளியே உட்கார்ந்து வரையட்டும்.

சரி, இயற்கைக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. 'ஜப்பானியர்கள் இயற்கையை நேசிப்பவர்கள்' என்ற வாக்கியத்தோடு உங்கள் திட்ட அறிக்கை தொடங்குகிறது. அது பொய் அல்ல, பாதி. 905ஆம் ஆண்டை ஒட்டி அரச கட்டளைப்படி தொகுக்கப்பட்ட கொக்கின்ஷு கவிதைத் தொகையில் இருபது பகுதிகள் இருக்கின்றன, முதல் ஆறும் பருவங்கள். வசந்தத்துக்கு இரண்டு, கோடைக்கு ஒன்று, இலையுதிர் காலத்துக்கு இரண்டு, குளிருக்கு ஒன்று. கியோட்டோவின் கோடை புழுங்கித் தள்ளும், குளிரோ எலும்பைத் தொடும். வாழ்ந்து பார்த்தால் நீளமான பருவங்கள் அவைதான். கவிதையில் அவற்றுக்கு இடம் பாதி. அதாவது அந்தக் கலையில் வரும் இயற்கை தேர்ந்தெடுக்கப்பட்ட இயற்கை. எந்தப் பூவோடு எந்தப் பறவை, எந்த மாதத்தில் எந்த நிலா என்று அரண்மனைக் கவிஞர்கள் வகுத்த முறை ஓவியத்துக்கும் கிமோனோவுக்கும் இனிப்புப் பண்டத்துக்கும் பரவியது. திணையும் கருப்பொருளும் படித்த பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும், ஆனால் இரண்டும் ஒன்று என்று சொல்லிவிடாதீர்கள். அங்கே அடிப்படை காலம், நம் சங்கப் பாடல்களில் நிலமும் காலமும் சேர்ந்தே முதற்பொருள்.

காலத்தைப் பற்றி ஒரு நல்ல பயிற்சி சொல்கிறேன். சீனாவிலிருந்து வந்த பழைய நாட்காட்டி வருடத்தை எழுபத்திரண்டு குட்டிப் பருவங்களாகப் பிரித்தது, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐந்து நாள். சீனத் தட்பவெப்பம் ஜப்பானுக்குப் பொருந்தவில்லை என்று 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் வானியலாளர் ஷிபுகாவா ஷுன்காய் அதைத் திருத்தினார். 'கீழ்க்காற்று பனிக்கட்டியை இளக்குகிறது', 'தவளைகள் பாடத் தொடங்குகின்றன' என்று ஒவ்வொரு ஐந்து நாளுக்கும் ஒரு வரி. உங்கள் எட்டு நாளை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதிக்கும் பிள்ளைகளே ஒரு வரி எழுதட்டும், கண்ணால் பார்த்ததை மட்டும். ஹைக்கூ எழுத வைப்பதைவிட இது நல்லது என்பது என் அனுபவம். ஹைக்கூ என்றதும் 5-7-5 என்று அசை எண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள், கண் தாளை விட்டு நகர்வதில்லை.

இந்த இடத்தில் ஒரு வருத்தமான செய்தியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜப்பானின் வானிலை நிறுவனம் 1953 முதல் நாடு முழுக்க இத்தகைய பருவக் குறிகளைப் பதிவு செய்து வந்தது: முதல் தும்பி, முதல் மின்மினி, தகைவிலான் குருவியின் வருகை என்று செடிகளிலும் உயிரினங்களிலும் ஐம்பதுக்கு மேற்பட்ட வகைகள். 2021 முதல் அவற்றை ஆறு தாவரங்களாகக் குறைத்துவிட்டார்கள். நகரங்களில் இருக்கும் நிலையங்களைச் சுற்றி அந்த உயிரினங்களைக் கண்டுபிடிப்பதே கடினமாகிவிட்டது என்பது ஒரு முக்கியக் காரணம். மிஞ்சிய ஆறில் மேப்பிளும் கிங்கோவும் உண்டு. இரண்டும் உங்கள் பயணத்தின்போது நிறம் மாறிக்கொண்டிருக்கும். தங்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிங்கோ மரத்தைத் தேர்ந்துகொண்டு தினமும் காலை ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்று வரையச் சொல்லுங்கள். பச்சையம் சிதைந்து அடியில் இருந்த மஞ்சள் வெளிப்படுவது கிங்கோவில். மேப்பிளில் சிவப்பு புதிதாக உருவாகிறது, இரவுக் குளிரும் பகல் வெயிலும் சேர்ந்தால்தான் அது நன்றாகப் பிடிக்கும். அறிவியல் ஆசிரியரும் உடன் வருகிறார் என்றால் இது அவருடைய பாடமும்கூட.

சகுரா காலத்தில் போகவில்லையே என்று சில பெற்றோர் குறைப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்களிடம் சொல்ல ஒரு விஷயம்: நாடெங்கும் ஒரே நேரத்தில் பூத்துத் தள்ளும் சோமேய்-யோஷினோ வகை 19ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. ஒட்டுக்கட்டி வளர்த்தவை, எல்லாம் மரபணுவில் ஒரே மரத்தின் பிரதிகள். பழைய கவிதைகளில் வரும் சகுரா மலைச் சகுரா. அதன் பூப்பு பற்றி அரண்மனையைச் சேர்ந்தவர்களும் துறவிகளும் நாட்குறிப்புகளில் எழுதியதைத் திரட்டியதில் கியோட்டோவுக்கு 9ஆம் நூற்றாண்டு முதலான பதிவு கிடைத்திருக்கிறது. 2021இல் மார்ச் 26ஆம் தேதியே முழுப் பூப்பு வந்து, 1409 முதல் நின்ற சாதனையை முந்தியது. பூவை ரசித்து எழுதிய வரிகள் இன்று பருவநிலை ஆய்வாளர்களுக்குத் தரவாகியிருக்கின்றன. கலை வழியாக இயற்கையைப் படிப்பது என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் எனக்குத் தெரியாது.

மேப்பிளுக்கு தோஃபுகுஜி. கூட்டம் நெரியும் என்பதால் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள், மரக்கூட்டம் தெரியும் பாலத்தில் நின்று படமெடுக்கத் தடை வரும் நாட்களும் உண்டு. அங்கே ஏன் சகுரா இல்லை என்பதற்குக் கோயில் மரபு ஒரு கதை சொல்கிறது. ஓவியத் துறவி மின்ச்சோவிடம் ஷோகுன், அதாவது நாட்டை ஆண்ட படைத்தலைவர், என்ன பரிசு வேண்டும் என்று கேட்க, சகுரா மரங்கள் இருந்தால் இது கேளிக்கை இடமாகிவிடும், வெட்டிவிடுங்கள் என்றாராம். மின்ச்சோ வரலாற்று மனிதர், கதை மரபுக் கதை, அப்படியே சொல்லுங்கள். நான் உங்களை அங்கே அனுப்புவது இன்னொரு காரணத்துக்காக. தலைமைத் துறவியின் இல்லத்தைச் சுற்றி ஷிகெமோரி மிரெய் 1939இல் அமைத்த தோட்டங்கள் இருக்கின்றன. பழைய நடைபாதையின் சதுரக் கற்களை எடுத்து, பாசியோடு மாற்றி மாற்றிப் பதித்த கட்டங்கள், தூரம் போகப் போகக் கலைந்து கரைந்துவிடுகின்றன. பக்கத்துத் தோட்டத்தில் சப்தரிஷி மண்டலமாக நிற்கும் ஏழு கல் உருளைகள், கோயிலின் பழைய கழிப்பறையின் அடித்தளத் தூண்கள். எதையும் வீணாக்காதே என்பது கோயில் அவருக்கு இட்ட நிபந்தனை. 'பாரம்பரியத் தோட்டம்' என்றால் மாறாத பழமை என்று நினைக்கும் பிள்ளைகள் இங்கே பத்து நிமிடத்தில் கருத்தை மாற்றிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

பட்டியலில் ரியோவான்ஜியும் இருக்கிறது, அதை வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சரளையில் பதினைந்து கற்கள், திண்ணையில் எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றாவது மறைந்திருக்கும். வழிகாட்டி அதன் பொருளைச் சொல்ல ஆரம்பிப்பார்: கடலில் தீவுகள், ஆற்றைக் கடக்கும் புலிக்குட்டிகள், இன்னும் பல. யார் அமைத்தார், எப்போது, என்ன நினைத்து என்பதற்கு ஒத்துக்கொள்ளப்பட்ட விடை இல்லை. பொருள் சொல்வதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பிள்ளையும் தான் உட்கார்ந்த இடத்திலிருந்து தெரியும் கற்களை மட்டும் வரைந்து, பிறகு பன்னிரண்டு தாள்களையும் சேர்த்து முழுத் தோட்டத்தைக் கட்டட்டும். இதைப் போலவே தேநீர்க் கலையின் பெரிய ஆசான் ரிக்கியூவைப் பற்றிய நுட்பமான கதைகள் பலவும் அவர் இறந்து நெடுங்காலத்துக்குப் பிறகு எழுதப்பட்டவை. உடைந்த கிண்ணத்தைத் தங்கத்தால் ஒட்டும் கின்ட்சுகி ஒரு ஷோகுனின் ஆசையில் பிறந்தது என்பதும் பின்னாளில் கட்டிய கதையாகவே தெரிகிறது. அந்தப் பயிற்சிக்குப் போவதாக இருந்தால் உண்மையான உருஷி அரக்கா, வேதிப் பசையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உருஷி ஒரு மரத்தின் பால். மா, முந்திரி குடும்பத்தைச் சேர்ந்த அந்த மரத்தின் பால் ஈரமாக இருக்கும்போது தோலில் பட்டால் கடுமையாகத் தடித்து அரிக்கும். மாம்பழப் பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளை யாராவது இருந்தால் அதன் பக்கமே விட வேண்டாம்.

மலர் அலங்காரத்தை விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள், விட வேண்டாம். கியோட்டோ நடுவில் ரொக்காகுதோ கோயில் இருக்கிறது, இக்கெனோபோ மரபின் தாயகம். புத்தருக்குப் பூ வைத்த துறவிகளிடமிருந்து வளர்ந்த கலை, 1462ஆம் ஆண்டு நாட்குறிப்பு ஒன்றிலேயே இக்கெனோபோ சென்கேயின் பெயர் வருகிறது. வழக்கமாக நவம்பர் நடுவில்தான் அவர்களுடைய பெரிய கண்காட்சி நடக்கும், உங்கள் தேதியோடு ஒத்துப்போக வாய்ப்பிருக்கிறது. பயிற்சியில் பிள்ளைகள் முதலில் திகைப்பது எதை வைப்பது என்பதில் அல்ல, எந்த இலையைக் கத்தரிப்பது என்பதில். கையில் கத்தரியோடு ஒரு கிளையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் அந்த நேரம்தான் வகுப்பு.

நாராவில் ஒரு நாளை முழுதாகக் காட்டுக்குக் கொடுங்கள். தோதாய்ஜியின் பெரிய புத்தர் சிலைக்குக் கண் திறந்த விழா 752இல் நடந்தது, அதை நடத்திவைத்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. பழைய ஜப்பானியப் பதிவு அவரைத் தென்னிந்திய அந்தணர் என்கிறது. மதுரைக்காரர் என்று உறுதியாகச் சொல்லப்படுவதை மட்டும் பிள்ளைகள் உண்மையாக எழுதிக்கொள்ள விடாதீர்கள், அதற்கு அவ்வளவு வலுவான ஆதாரம் இல்லை. அங்கிருந்து கசுகா கோயிலின் பின்னால் போனால் கசுகா மலைக்காடு. 841 முதல் மரம் வெட்டவும் வேட்டையாடவும் தடை. புனிதம் காட்டைக் காத்தது என்பது உண்மை. அதே புனிதம் காத்த மான்கள் ஆயிரத்துக்கு மேல் பெருகி, இளம் மரக்கன்றுகளைத் தின்று தீர்க்கின்றன என்பதும் உண்மை. மான் வாய்வைக்காத நாகி என்ற மரம் காட்டுக்குள் பரவிக்கொண்டே போகிறது. வேலி போட்ட சிறு பகுதிகளில் தரையெல்லாம் முளைகளாக இருப்பதையும், வேலிக்கு வெளியே தரை வெறுமையாக இருப்பதையும் அருகருகே பார்க்கலாம். வரைய வேண்டிய காட்சி அதுதான். கியோட்டோவுக்கு வடக்கே கிதயாமா மலைச்சரிவில் தேநீர் அறைத் தூணுக்காகவே நேராக வளர்த்த சுகி என்னும் ஊசியிலை மரங்களும் இருக்கின்றன, நேரம் இருந்தால் அரை நாள். புதிய வீடுகளில் அந்தத் தூண் வைக்கும் அலங்கார மாடமே இல்லாமல் போனதால் அந்தத் தொழில் சுருங்கிவிட்டது. ஜப்பானின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் காடு, அந்தக் காட்டில் சுமார் நாற்பது விழுக்காடு நட்டு வளர்த்தது. போருக்குப் பின் கட்டுமான மரத்துக்காக ஒரேயடியாக நட்ட சுகியின் மகரந்தத்தால் இன்று வசந்தம் வந்தால் நாட்டில் மூன்றில் ஒருவருக்கு மேல் தும்முகிறார்கள். நேசம் என்ற ஒரு சொல் இதையெல்லாம் தாங்காது.

நடைமுறை விஷயங்கள் சில. அருங்காட்சியகங்களில் பென்சில் தவிர எதையும் வெளியே எடுக்க விடமாட்டார்கள், பேனா கூடாது. வரையவே அனுமதி இல்லாத இடங்களும் உண்டு, முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கோயில் மரத்தரை நவம்பரில் சில்லிடும், தடித்த காலுறை இரண்டு ஜோடி. உதிர்ந்த இலையை ஏட்டில் ஒட்டிக்கொண்டு ஊருக்கு வர ஆசைப்படுவார்கள். செடிப்பொருளும் விதையும் மண்ணும் விமான நிலையத்தில் தொல்லை, நாட்டுக்கும் நல்லதல்ல. இலையின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் உரசி நரம்பு வடிவத்தை எடுத்துக்கொண்டு, இலையை அங்கேயே விட்டுவிடலாம். அக்டோபர் கடைசியில் தொடங்கும் நாராவின் ஷோசோயின் கருவூலப் பொருட்காட்சி நீங்கள் போவதற்குள் முடிந்திருக்கும், அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

விருந்தோம்பும் பள்ளிக்கு ஒரு நாள் ஒதுக்கியிருப்பதாகச் சொன்னீர்கள். அந்த நாளில் கலை நிகழ்ச்சி, வரவேற்புரை, பரிசுப் பரிமாற்றம் என்று போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜப்பானியப் பிள்ளைகள் முதல் வகுப்பிலேயே ஆளுக்கு ஒரு தொட்டியில் அசகாவோ கொடியை வளர்த்து, அதன் வளர்ச்சியை வரைந்து எழுதுவார்கள். அந்தப் பழைய ஏடுகளை யாராவது வீட்டில் வைத்திருந்தால் கொண்டுவரச் சொல்லி இப்போதே கடிதம் எழுதுங்கள். உங்கள் பிள்ளைகளும் புறப்படும் முன் ஒரு மாதம், வீட்டு வாசலில் உள்ள ஏதாவது ஒரு செடியை வாரம் இருமுறை வரைந்து எடுத்துப் போகட்டும். மொழிபெயர்ப்பாளர் இல்லாமலேயே இரண்டு பக்கமும் மேசையைச் சுற்றி உட்கார அது போதும். பள்ளியும் மைக்கூடமும் முதலில், மற்ற முன்பதிவெல்லாம் அதற்குப் பிறகு. கியோட்டோவில் நவம்பர் விடுதிகள் வெகு சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் அதை மட்டும் இந்த வாரமே முடித்துவிடுங்கள்.